பள்ளத்தைத் தேடும் வாயு!

'அல்காரிதம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்?'னு செகண்ட் இயர்ல புலம்பாதவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். ஒருத்தரும் இல்லையா? அப்போ இந்த வாரம் நமக்குத்தான்!

டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட 'குறைந்த செலவுப் பாதை' கணக்கு ஞாபகம் இருக்கா? கார்பன் டை ஆக்ஸைடு பைப்லைன் எந்த ஊர் வழியாப் போகலாம்னு முடிவு பண்ண, இன்னிக்கும் அந்த மாதிரி கணக்குதான் கைகொடுக்குது.

தொழிற்சாலைப் புகையிலிருந்து இந்த வாயுவைப் பிரித்து பூமிக்கடியில் புதைப்பது திட்டம். பிடிக்கிற இடம் ஒண்ணு, புதைக்கிற இடம் வேறொண்ணு. நடுவில் பைப் வேணுமே! அமெரிக்காவில் ஏற்கெனவே சுமார் 8,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கு. பெரும்பாலும் பழைய எண்ணெய் வயல்களில் மிச்சமிருக்கும் எண்ணெயை உந்தி எடுக்கத்தான்.

'சோடாவுல இருக்கிற கேஸ்தானே பாஸ்?' என்பவர்களுக்கு ஒரு ஊரைச் சொல்றேன். மிஸிஸிப்பி மாநிலத்தில் சட்டார்ஷா. ஐம்பது பேர்கூட இல்லாத குட்டி கிராமம். 2020 பிப்ரவரி 22, சனிக்கிழமை மாலை. பலத்த மழையில் ஊறிய சரிவு நகர்ந்து, 24 அங்குல பைப் உடைஞ்சது. சுமார் ஒரு மைல் தள்ளியிருந்த ஊருக்குள் வாயு தவழ்ந்து வந்தது. மூச்சு திணறி மயங்கினாங்க. தப்பிக்கலாம்னு காரை எடுத்தா, ஆக்ஸிஜன் இல்லாம இன்ஜினும் நின்னுபோச்சு! சுற்றுவட்டாரத்தில் சுமார் 200 பேரை வெளியேற்றினாங்க, 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. ஆனா, பைப் உடைஞ்சா பாதிக்கப்படும்னு கம்பெனி போட்டு வெச்ச கணக்கில் இந்த ஊரே இல்லைன்னு 2022-ல் வந்த அரசு விசாரணை அறிக்கை சொன்னது.

இங்கதான் ஜி.ஐ.எஸ். வருது. நிலத்தைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் போடணும். செங்குத்துச் சரிவா? மார்க் ஏறும். இளகின மண்ணா, ஆறா, பக்கத்தில் ஸ்கூலா? இன்னும் ஏறும். மொத்த மார்க் எந்த வழியில் கம்மியோ, அதுதான் ரூட்!

ஆனா ஒரு சிக்கல். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நிறமில்லை, சுத்தமா இருந்தா வாசனையும் இல்லை. தண்ணி மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும். காற்று அசையாத நேரத்தில் அங்கேயே தேங்கும். அதனால, பைப்பிலிருந்து எத்தனை மீட்டர்னு ஸ்கேல் வெச்சு அளந்தா மட்டும் போதாது. பக்கத்து மேட்டு வீடு தப்பிக்கலாம், தூரத்துப் பள்ளத்துத் தெரு மாட்டிக்கலாம். நிலத்தின் ஏற்ற இறக்கமும் காற்றின் போக்கும் கணக்கில் இருந்தே ஆகணும்.

இன்னொரு விஷயம். மார்க் போடுறது கம்ப்யூட்டர் இல்லை, மனுஷங்க. நில விலையையும் பைப் நீளத்தையும் மட்டும் பார்த்தா, கோடு நேரா ஏழைங்க வீட்டுப் பக்கம்தான் போகும். ஏன்னா அங்கதான் நிலம் மலிவு! கட்டத்தைப் பெருசாப் போட்டா, சட்டார்ஷா மாதிரி ஊர் சராசரியிலேயே கரைஞ்சிடும். மண்ணுக்கு மார்க் இருக்கு, மண்ணுக்குச் சொந்தக்காரரோட சம்மதத்துக்கு? சவுத் டகோட்டா விவசாயிகள் இதைத்தான் கேட்டாங்க. இந்த பைப்லைனுக்காக நிலத்தைக் கட்டாயமா எடுக்கக் கூடாதுன்னு 2025 மார்ச்சில் அங்கே சட்டமே வந்துடுச்சு.

கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்க வேணாம் ஃப்ரெண்ட்ஸ். 'க்யூஜிஸ்' மென்பொருள் இலவசம். 2000-ல் எண்டவர் விண்கலம் ரேடாரால் அளந்த 'எஸ்.ஆர்.டி.எம்.' உயரத் தகவலும் இலவசம். இந்த சண்டே உங்க ஊரை அதில் போட்டுப் பாருங்க. மழைத் தண்ணி எங்கே தேங்கும்னு ஊர்ப் பெரியவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டினா, அங்கே யார் குடியிருக்காங்கன்னு பார்த்துட்டு வாங்க.

அந்தக் கட்டத்துக்கு நீங்க எவ்வளவு மார்க் போடுவீங்க?