வாயால் கெட்ட தவளை

டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரையரின் அந்தப் பேட்டியை எத்தனை முறை பார்த்தாலும், என் கண் போவது பக்கத்து நாற்காலியில் இருக்கும் நடிகை கிர்ஸ்டன் டன்ஸ்ட்டிடம்தான். 2011 மே 18, கான் திரைப்பட விழா, 'மெலன்கோலியா' படத்துக்கான பத்திரிகையாளர் சந்திப்பு. இயக்குநரின் ஜெர்மன் பூர்வீகம் பற்றி ஒருவர் கேள்வி கேட்கிறார். ரொம்ப நாள் யூதன் என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன், அப்புறம்தான் நாஜி என்று தெரிந்தது என்று ஆரம்பிக்கிறார் ட்ரையர். அங்கங்கே சிரிப்புச் சத்தம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஹிட்லரை எனக்குப் புரிகிறது என்கிறார். டன்ஸ்ட்டின் முகம் சுருங்குகிறது. இஸ்ரேலையும் இழுக்கிறார். இந்த வாக்கியத்திலிருந்து எப்படி வெளியே வருவது என்று அவரே வாய்விட்டுக் கேட்கிறார். வரத் தெரியவில்லை. கடைசியில், "சரி, நான் நாஜிதான்."

கல்யாணப் பந்தியில் இப்படி ஒரு சித்தப்பாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் ஜோக்குக்கு யாரோ சிரித்துத் தொலைத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதற்காகவே பெண் வீட்டாரின் சாதி வரைக்கும் போய்விடுவார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுவோம் என்று தெரிந்தே கத்துகிற தவளை இது.

அந்த ஜோக்குக்குப் பின்னால் ஒரு அப்பா இருக்கிறார். இரண்டு பேர் என்றே சொல்லலாம். தன்னை வளர்த்த யூதரான உல்ஃப் ட்ரையரைத்தான் லார்ஸ் சொந்தத் தகப்பன் என்று நம்பியிருந்தார். 1989இல் சாகும் தறுவாயில் இருந்த தாய் சொன்னார்: உன் அப்பா வேறொருவர், ஃப்ரிட்ஸ் மிஹாயேல் ஹார்ட்மான். தன் பிள்ளைக்குக் கலைஞர்களின் ரத்தம் வேண்டும் என்று, இசைக் கலைஞர்கள் பரம்பரையிலிருந்து அந்தத் தாய் தேர்ந்தெடுத்த ஆள். ஜெர்மன் வம்சாவளி, அதை வைத்துத்தான் 'நாஜி' என்ற கிண்டல். ஆனால் ஹார்ட்மான், டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது நாஜிகளுக்கு எதிரான குழுவில் இருந்தவர். தேடிப்போன மகனிடம் அவர் முகம்கொடுத்துப் பேசவில்லை. நல்ல திரைக்கதைக்காரன் விடவே கூடாத முரண் இது. கேமராக்கள் முன்னால் ட்ரையர் அதை மலிவு விலைக்கு விற்றுவிட்டார்.

மறுநாளே விழா நிர்வாகம் அவரை 'வேண்டாத விருந்தாளி' என்று அறிவித்தது. இதே கான்தான் 2000இல் 'டான்ஸர் இன் தி டார்க்' படத்துக்குத் தங்கப்பனை விருது கொடுத்தது. 1991இல் நடுவர் குழுத் தலைவர் ரோமன் பொலான்ஸ்கியைக் 'குள்ளன்' என்று மேடையிலேயே சொன்னதையும், 2009இல் உலகத்தின் சிறந்த இயக்குநர் நானே என்றதையும் ரசித்த கான். வருஷக்கணக்காகக் குறும்பு செய்யச் சொல்லிக் கைதட்டிவிட்டு, ஒருநாள் திடீரென்று பிள்ளையை வாசலில் நிறுத்திய வீடு. நிறுத்தியது தப்பு என்று சொல்ல மாட்டேன். வதைமுகாம்களில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள்.

ட்ரையர் மன்னிப்புக் கேட்டார். சில மாதம் கழித்து அந்தப் பேச்சு பற்றி டென்மார்க் போலீஸ் விசாரித்ததும், இனிப் பேட்டியே கிடையாது என்றார். 2014இல் பெர்லின் திரைப்பட விழாவுக்கு வந்தபோது வாய் திறக்கவில்லை. பதிலுக்கு, கானின் பனையோலைச் சின்னத்தையும் அந்தத் தடை வாசகத்தையும் அச்சடித்த டி-ஷர்ட் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவப்பெயரை ஆடையாக்கி மாட்டிக்கொள்ள அதிகத் திறமை வேண்டியதில்லை. 'பிரேக்கிங் தி வேவ்ஸ்' எடுத்தவருக்கு இது போதவே போதாது.

2011 விழாவின் கடைசி நாளில் சிறந்த நடிகை விருது டன்ஸ்ட்டுக்குக் கிடைத்தது. மேடையேறியவர், படத்தைப் போட்டியில் விட்டுவைத்ததற்காக விழாவுக்கு நன்றி சொன்னார். லார்ஸுக்கும் சொன்னார்.