புரை ஏறினால் யாரும் நினைக்கவில்லை

சாப்பிடும்போது புரை ஏறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வழக்கம். எப்போதோ ஒரு தடவை என்றால் அப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். எழுபது வயதுக்காரருக்கு வேளை தவறாமல் புரை ஏறுகிறது என்றால், அவரை யாரும் நினைக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். நினைத்திருந்தால் இந்நேரம் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பார்கள்.

கெடாரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் நான் பார்ப்பது இதுதான். பெரியவருக்குச் சோறு தொண்டையில் நிற்கிறது, தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது. "வயசாச்சு, கஞ்சியா கரைச்சுக் கொடு" என்கிறார்கள். இட்லியைக்கூட மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறார்கள். நாலு பேர் நடுவில் இருமிக்கொண்டு உட்கார வேண்டாமே என்று அவர் கல்யாணப் பந்திக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு, சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம் எடுக்கிறார்கள். தொண்டையை யாரும் பார்ப்பதில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். புரை ஏறுவதைப் பிரெஞ்சில் 'ஃபோஸ் ரூத்' என்பார்கள். தவறான பாதை என்று அர்த்தம். உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குப் போய்விடுகிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பாதை ஏன் தவறியது என்று கேட்பதுதானே அடுத்த வேலை?

தொண்டையின் அடியில், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், வளையம் போல ஒரு தசை இருக்கிறது. கிரைக்கோஃபரிஞ்சியஸ் என்று பெயர். சாதாரண நேரத்தில் அது இறுக மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, இந்தத் தசை தளர்ந்து அரை நொடி அளவு வழி விடுகிறது. சிலருக்கு வயதாக ஆக இந்தத் தசை விறைத்துப்போய்ச் சரியாகத் திறப்பதில்லை. விழுங்கியது மேலேயே தேங்கி, மூச்சுக்குழாயில் வழிகிறது. அடிக்கடி வழிந்தால் நுரையீரலில் நிமோனியா வரும். சிலருக்குத் தசைக்கு மேலே பை போலப் பிதுங்கி, மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி படுத்த பிறகு அப்படியே வாய்க்குத் திரும்பி வரும்.

இதற்கு வைத்தியம் உண்டு. அந்தத் தசையை மட்டும் கீறித் தளர்த்திவிடுவார்கள். கழுத்தில் சிறிது திறந்தும் செய்யலாம், வாய் வழியாகக் குழாய் விட்டும் செய்யலாம். இது நேற்று வந்த சங்கதி இல்லை. போலியோவால் விழுங்க முடியாமல் போனவருக்கு இந்தத் தசையை வெட்டிவிட்டதைப் பற்றி அமெரிக்காவில் காப்லான் என்ற டாக்டர் 1951இல் எழுதினார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பரம்பரைத் தசை நோய் இருக்கிறது. ஐம்பது வயது வாக்கில் கண் இமை சரிய ஆரம்பிக்கும், விழுங்குவதும் கஷ்டமாகும். அதற்குக் காரணமான மரபணுவை 1998இல் கண்டுபிடித்தார்கள். நோயைக் குணமாக்கும் மருந்து கைக்கு வராவிட்டாலும், தொண்டைத் தசையைத் தளர்த்தும் ஆபரேஷனால் பலர் சில வருஷங்களாவது வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. அந்தச் சில வருஷங்கள் சின்ன விஷயமா?

கீழேயும் ஒரு கதவு உண்டு. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை திறக்காமல் போவதை அக்கலேசியா என்கிறார்கள். இதில் சாப்பாடு நெஞ்சில் நிற்பது போல இருக்கும். ஜெர்மனியில் ஹெல்லர் என்ற சர்ஜன் 1913இலேயே இந்தத் தசையைக் கீறிவிட்டார். 2008இல் ஜப்பானில் இனோவே என்ற டாக்டர், வெளியே கத்தி வைக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அதைச் செய்தார். இன்றைக்கு ஹைதராபாத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த முறையில் செய்திருக்கிறார்கள்.

எந்தக் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் கஞ்சி கரைப்பது, கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்க்காமல் புது மனு எழுதிக் கொடுப்பது போல. முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு அதன் பலன் தெரியும்.

"இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கழுத்து ஆபரேஷனில் குரல் நரம்புக்கு அடிபடலாம், கசிவோ சீழோ வரலாம். கீழ்த் தசையைக் கீறினால் நெஞ்செரிச்சல் வரலாம். ஆனால் கஞ்சிப் பாதையிலும் ஆபத்து உண்டு. மெலிவும் நிமோனியாவும் அந்தப் பாதையில்தான் காத்திருக்கின்றன. கஞ்சியும் தண்ணீர் போல இருந்தால் புரை ஏறத்தான் செய்யும். சிலருக்கு மெல்லிய பானத்தைவிடக் கெட்டியானதுதான் பத்திரமாக இறங்கும். ஒன்றில் மட்டும் ஆபத்து இருக்கிறது என்று நினைத்து முடிவு எடுப்பது சரியில்லை.

அதற்காக எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டும் என்றும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி தானாகத் திரும்புகிறது, பயிற்சியும் உதவுகிறது. கதவு சரியாக இருந்து, தள்ளி விடும் தசைதான் பலவீனம் என்றால் கதவை வெட்டிப் பெரிய பிரயோஜனம் இல்லை. சிலருக்கு பலூன் வைத்து விரித்தாலோ, தசையில் ஊசி போட்டாலோ போதும். புற்றுநோயாக இருந்தால் வைத்தியமே வேறு. ஆகையால் முதலில் பரிசோதனை, பிறகுதான் முடிவு. எண்டோஸ்கோப்பியில் உள்ளே பார்ப்பார்கள். பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள்.

எங்கள் உறவில் ஒரு அம்மா இரண்டு வருஷம் கஞ்சியிலேயே காலம் தள்ளினார். சளி, காய்ச்சல் என்று மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒவ்வொரு தடவையும் காய்ச்சலுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது தடவை ஒரு இளம் டாக்டர், "சாப்பிடும்போது இருமுவீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பேரியம் எக்ஸ்ரேயும் பிறகு ஆபரேஷனும் வந்தன. இப்போதும் அவர் மெதுவாகத்தான் சாப்பிடுகிறார். ஆனால் சோறு சாப்பிடுகிறார்.

கெடாரிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கோரிமேடு ஜிப்மரும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். போகும்போது சில விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மாதமாக இருக்கிறது? கழுத்தில் நிற்கிறதா, நெஞ்சில் நிற்கிறதா? முதலில் சோறு மட்டும் நின்று பிறகு தண்ணீரும் நின்றதா, ஆரம்பத்திலிருந்தே இரண்டும் நின்றனவா? மூக்கு வழியாக வருகிறதா? எவ்வளவு எடை குறைந்தது? காய்ச்சல் எத்தனை தடவை வந்தது? டாக்டருக்கு நேரம் குறைவு. இந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இருமலை மறைக்க அடுப்படியில் தனியாகச் சாப்பிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், கடைசியில் அதைவிடப் பெரிய செலவாகத்தான் முடியும். இன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள்.