சிவப்பு விளக்குக்காக ஒரு போட்டி

இரவு நேரத்தில் ரயில் ஒன்று நிலையத்தைக் கடந்து போவதை நீங்கள் நின்று பார்த்திருப்பீர்கள். கடைசிப் பெட்டியின் பின்புறம் ஒரு சிவப்பு விளக்கு தெரியும். அது அழகுக்காக வைத்ததன்று. வழியில் பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை, வண்டி முழுமையாக வந்துவிட்டது என்பதை நிலையத்தில் இருப்பவர் தெரிந்துகொள்வதற்கான அடையாளம் அது. 'டூர் டி பிரான்ஸ்' என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பந்தயத்தில் கடைசியாக வருபவருக்குப் பிரெஞ்சு மக்கள் வைத்த பெயரும் இதுதான்: 'லாந்தர்ன் ரூஜ்', அதாவது சிவப்பு லாந்தர். (நாம் சொல்லும் 'லாந்தர்' என்ற சொல்லும் இதற்கு உறவுதான்.)

இந்தக் கடைசி இடத்துக்கும் போட்டி நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நடந்திருக்கிறது. அதைத் தடுக்க விதியும் போட்டிருக்கிறார்கள். அந்தப் போட்டியைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதி தவறானது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 'கடைசி' என்ற சொல்லைச் சற்றுப் பார்ப்போம். 1903-இல் நடந்த முதல் டூர் பந்தயத்தில் புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர். இருபத்தோராவதாக வந்தவர் அர்சேன் மில்லோஷோ. வெற்றி பெற்ற மோரிஸ் காரனைவிட அவருக்கு ஏறத்தாழ 65 மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. பட்டியலில் அவர் கடைசி. ஆனால் நடுவழியில் நின்றுவிட்ட 39 பேரின் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லையே! 2007-இல் 189 பேர் புறப்பட்டு 141 பேர் முடித்தனர். நூற்று நாற்பத்தோராவது ஆளுக்குப் பின்னே 48 பேர் இருந்தார்கள் என்பதுதானே சரியான கணக்கு?

அந்த நூற்று நாற்பத்தோராவது ஆள் பெல்ஜியத்தைச் சேர்ந்த விம் வான்செவெனான்ட். 2006, 2007, 2008 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடம் அவருக்கே. அவர் சோம்பேறியா? அவர் ஓர் உதவி வீரர். அணித் தலைவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தம் மார்பில் தாங்குவதும், பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர்க் குப்பிகளை வாங்கிக்கொண்டு மறுபடி முன்னேறிச் சென்று கொடுப்பதும் அவர் வேலை.

காற்றைத் தாங்குவது சிறிய வேலையன்று. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வீரரின் திறனில் பெரும்பகுதி காற்றுத்தடையை வெல்வதற்கே செலவாகிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதற்கு எதிராகச் செலவிட வேண்டிய திறனோ வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஒருவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டுபவருக்கு இந்தச் செலவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும். வான்செவெனான்ட்டின் அணித் தலைவரான கேடல் எவன்ஸ் 2007-இலும் 2008-இலும் இரண்டாம் இடத்தில் வந்தார். அந்த இரண்டாம் இடத்தில் கடைசி இடத்துக்காரரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

இனி, வேண்டுமென்றே கடைசிக்கு முயன்றவர்களைப் பார்ப்போம். இத்தாலியின் 'ஜீரோ' பந்தயத்தில் 1946 முதல் 1951 வரை கடைசி வீரருக்குக் கறுப்புச் சட்டை என்று ஒரு சிறப்பே இருந்தது. அதனுடன் ரசிகர்களின் பரிசுகளும் வந்தன. லூயிஜி மலப்ரோக்கா என்பவர் 1946-இலும் 1947-இலும் அதைப் பெற்றார். நேரம் போக்குவதற்காக அவர் வைக்கோல் கொட்டகைகளிலும் மதுக்கடைகளிலும் ஒளிந்துகொண்டாராம்! 1949-இல் சான்டே கரோல்லோ அவருக்குப் போட்டியாக வந்து, அவரையும் மிஞ்சி மெதுவாக ஓட்டிச் சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். ஒளிந்துகொள்வதை என்னால் விளையாட்டு என்று ஒப்ப முடியவில்லை.

1979-ஆம் ஆண்டு டூர் பந்தயத்தில் நடந்ததோ வேறு வகை. டூர் முடிந்தபின் பிரான்சின் பல ஊர்களில் சிறு பந்தயங்கள் நடக்கும். அவற்றுக்குச் சிவப்பு லாந்தரையும் பணம் கொடுத்து அழைப்பார்கள். கடைசிக்கு முந்தியவரை எவர் அழைப்பார்? ஆகவே பிரெஞ்சுக்காரரான பிலிப் டெனியேருக்கும் ஆஸ்திரியரான கெர்ஹார்ட் ஷோன்பாகருக்கும் இடையே போட்டி மூண்டது. டெனியேர் முந்திய ஆண்டின் சிவப்பு லாந்தர். அந்தப் பெயரின் மதிப்பை அறிந்தவர். 21-ஆம் கட்டம் தொடங்கும்போது அவர்தாம் கடைசி. ஷோன்பாகர் அவரைவிடச் சுமார் ஒரு நிமிடம் முன்னால் இருந்தார்.

அன்று 48.8 கிலோமீட்டர் தனி ஓட்டம். ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்ட வேண்டும். இதில் ஒரு கால வரம்பு உண்டு. அன்று முதலாவதாக வருபவரின் நேரத்தைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால், பந்தயத்திலிருந்தே நீக்கம். ஆகவே எதிராளியைவிட மெதுவாகப் போக வேண்டும். வரம்பைவிட மெதுவாகப் போய்விடவும் கூடாது. அந்த வரம்பு எவ்வளவு? இங்கேதான் சிக்கல். இத்தகைய ஓட்டங்களில் மொத்தக் கணக்கில் கடைசியாக இருப்பவர் முதலில் புறப்படுவதும், முதலாவதாக இருப்பவர் கடைசியில் புறப்படுவதும் வழக்கம். முதலிடத்தில் இருந்த பெர்னார் இனோ பின்னால் எவ்வளவு வேகமாக ஓட்டுவார் என்பதை இவர்கள் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்!

இனோ எடுத்த நேரம் 1 மணி 8 நிமிடம் 53 விநாடி. பென்சிலை எடுத்து நீங்களே கணக்கிடுங்கள். 4133 விநாடியை 1.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4960 விநாடி, அதாவது 1 மணி 22 நிமிடம் 40 விநாடி. ஷோன்பாகர் 1 மணி 21 நிமிடம் 52 விநாடியில் வந்தார், தப்பினார். டெனியேர் 1 மணி 23 நிமிடம் 32 விநாடி எடுத்தார், நீக்கப்பட்டார். இருவரின் சராசரி வேகத்தையும் பாருங்கள்: மணிக்கு 35.8 கிலோமீட்டர், 35.1 கிலோமீட்டர். இவ்வளவுதான் வேறுபாடு.

எனக்கு இரண்டு விஷயங்கள் வியப்பளிக்கின்றன. ஒன்று, இனோ இன்னும் 44 விநாடி தாமதித்திருந்தால் டெனியேர் பிழைத்திருப்பார். தம்மைவிட ஏறத்தாழ கால் மணி நேரம் வேகமான ஒருவரின் முக்கால் நிமிடம் அவருடைய விதியைத் தீர்மானித்தது. இன்னொன்று, அவர் ஏற்கெனவே கடைசியில்தான் இருந்தார்! ஷோன்பாகரின் வேகத்திலேயே ஓட்டியிருந்தாலும் அந்த இடம் அவரை விட்டுப் போயிருக்காது. பாதுகாப்பு வேண்டி அளவுக்கு மீறி மெதுவாகப் போனதால் எல்லாவற்றையும் இழந்தார்.

இந்த வேடிக்கை அமைப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1980-இல் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். 14-ஆம் கட்டத்திலிருந்து 20-ஆம் கட்டம்வரை, மொத்தக் கணக்கில் கடைசியில் நிற்பவர் நீக்கப்படுவார். அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் இந்த விதி எவரைத் தாக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றே மெதுவாகப் போகிறவரிடம் திறன் மிச்சம் இருக்கிறது. தேவைப்பட்டால் வேகத்தைக் கூட்டி ஓர் இடம் மேலே போய்விடுவார். முழங்கால் வலியோடு வருகிறவரும், தலைவருக்காகக் காற்றைத் தாங்கிக் களைத்த உதவி வீரரும் என்ன செய்வார்கள்? அவர்களிடம் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மேலும், மிக மெதுவாகப் போகிறவரைத் தடுக்கக் கால வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. டெனியேரை நீக்கியதும் அதுதான். அது ஒரு வேகத்தை அளந்து சொல்கிறது. அந்த வேகத்தை எட்டியவரை விட்டுவிடுகிறது. புதிய விதியோ எல்லோரும் நன்றாக ஓட்டினாலும் ஒருவரை வெளியே தள்ளியே தீரும்.

அந்த ஆண்டு ஷோன்பாகர் மறுபடியும் பந்தயத்துக்கு வந்தார். நீக்கும் நாட்கள் முழுவதும் பிடிபடாமல் தாண்டினார். பாரிசில் பந்தயம் முடிந்தபோது பட்டியலின் அடியில் இருந்தது அவர் பெயர்தான்.