ஊரார் இட்ட பெயர்



நம் வாலிபப் பிள்ளைகள் கொரியப் பாடல்களே கதியென்று இருப்பதாகப் பெற்றோர் சிலர் என்னிடம் வருந்துகிறார்கள். இருதயத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் விழிப்பு வேண்டியதே. ஆனாலும் அப்பாடல்களின் பெயரைக் குறித்துச் சிந்தித்தபோது, பிள்ளைகளைக் காட்டிலும் நாமே உணர்த்தப்பட வேண்டியவர்கள் என்று கண்டேன்.

கொரியர் தங்கள் வெகுஜனப் பாடல்களை நெடுங்காலம் 'கயோ' என்றே அழைத்தனர். அவை கடல் கடந்து சென்றபோதுதான், 1990-களின் பிற்பகுதியில், 'கே-பாப்' என்னும் பெயர் பரவிற்று. அந்தியோகியாவிலும் இதற்கொத்த காரியம் நடந்தது. யூதரும் கிரேக்கரும் ஒன்றாய்க் கூடின அந்தச் சபையில்தான் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்னும் பெயர் முதன்முதல் வழங்கிற்று (அப்போஸ்தலர் 11:26). அது ஊரார் இட்ட பெயர் என்றே வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். இனத்தால் வகைப்படுத்த முடியாத ஒரு கூட்டத்திற்குப் புதுப்பெயர் தேவைப்பட்டது.

2022-ஆம் ஆண்டு ஒடிசாவின் ரூர்கேலாவைச் சேர்ந்த ஸ்ரேயா லெங்கா என்னும் இளம்பெண் 'பிளாக்ஸ்வான்' குழுவில் சேர்ந்து, முதல் இந்தியக் கே-பாப் கலைஞர் எனப்பட்டார். அடுத்த ஆண்டு அக்குழுவிலிருந்த நால்வரில் ஒருவர்கூடக் கொரியர் அல்லர். இதுவும் கே-பாப்தானா என்று பலர் கேட்டனர். பிறப்பைப் பார்த்தால் அல்ல. வீட்டை விட்டு, மொழியைக் கற்று, சியோலில் அவர்கள் பெற்ற பயிற்சியைப் பார்த்தால் ஆம். சீஷத்துவமும் அப்படியே, பிறப்பினால் வருவதன்று, பின்பற்றுவதினால் வருவது.

அதே ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த மகள்கள் நம் பகுதித் தொழிற்சாலைகளில் வேலைசெய்கிறார்கள். விடுமுறை கிடைத்த ஞாயிறுகளில் நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, புரியாத மொழியிலும் நம்மோடு ஆராதிக்கிறார்கள். நாமோ அவர்களுக்கு 'ஹிந்திக்காரப் பிள்ளைகள்' என்று பெயரிட்டிருக்கிறோம். அவர்களில் பலருக்கு ஹிந்தி தாய்மொழியும் அல்ல. மூன்று தலைமுறையாய்ச் சபைப் பதிவேட்டில் பெயருள்ள நாம், அவர்களுடைய பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் போதகனாகிய நானும் கேட்டதில்லை.

நம்மை இன்று பார்க்கிற உத்தனப்பள்ளி ஊரார், புதிதாய் ஒரு பெயர் வைப்பதானால் என்ன வைப்பார்கள்?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் கடைசி வரிசைக்குப் போவேன். நீங்களும் வாருங்கள். முதலில் பெயரைக் கேட்போம்.

கர்த்தர்தாமே நம்மை ஒரே சரீரமாய் இணைப்பாராக. ஆமென்.