கடலை மறந்த கப்பற் பிரயாணம்

உல்லாசக் கப்பற் பிரயாணத்தைப் பற்றி நம்மவரிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. பணம் படைத்தோர் உண்டும் உறங்கியும் பொழுது போக்குவதற்குக் கண்ட வழி அது என ஒரு சாரார் இகழ்வர். வாழ்நாளில் ஒருமுறையேனும் அதிற் சென்று, வழியில் உள்ள ஊர்கள் அனைத்தையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என மற்றொரு சாரார் துடிப்பர். இரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர் என்பது என் துணிபு. முன்னவர் கப்பலை ஹோட்டலாகக் காண்கின்றனர். பின்னவர் அதனை ஊர் ஊராக நின்று செல்லும் பஸ் வண்டியாக்கிவிடுகின்றனர். கடல் என்ற ஒன்று கீழே இருப்பது இருவர் நினைவிலும் இல்லை. பலமுறை கப்பலேறிப் பழகியவர்கள் கற்றுக்கொண்ட பாடங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலன கடலை மீண்டும் நினைவிற் கொள்வதினின்று பிறந்தவை என்பது தெரியவரும்.

இதனை இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கனடாவிற் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் ஓய்வுபெற்ற ஆசிரியரும் உத்தியோகத்தரும் அங்கிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலிற் சென்று வருவது இன்று அபூர்வமன்று. வன்கூவரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, கெச்சிக்கான், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய ஊர்களைத் தொட்டு, பனியாறுகள் கடலில் வந்து முடியும் விரிகுடா ஒன்றினுள் ஒரு பகல் முழுவதையும் கழித்து, ஏழு நாளில் மீளும் வழி அது. மகளின் தயவால் நான் மூன்று தடவை சென்று வந்துள்ளேன். முதற்றடவை வருபவரின் அவசரத்தையும், பத்தாம் தடவை வருபவரின் ஆறுதலையும் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அதனாற் கிட்டியது. செலவிடப்படுவதோ பலருக்கு ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணம். அது வீணாகலாகாது.

கப்பலை இன்பத்துக்காகவே செலுத்தும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. 1891 ஜனவரியில், ஹம்பேர்க் கப்பற் கம்பனியைச் சேர்ந்த அல்பேர்ட் பாலின் என்பார், குளிர்காலத்தில் அத்திலாந்திக்கிற் பிரயாணிகள் குறைந்தமையால் வேலையின்றி நின்ற ‘ஒகஸ்ரா விக்ரோறியா’ என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாவாகக் கொண்டு சென்றார். அதன் பின்னரும் நெடுங்காலம் கப்பல் என்பது ஓரிடம் போய்ச் சேர்வதற்கான சாதனமாகவே இருந்தது. கொழும்புத் துறையில் ஓரியன்ற் லைன் கப்பலிலும் பி. அன்ட் ஓ. கப்பலிலும் ஏறிச் சுயஸ் வழியாக மேற்படிப்புக்குச் சென்ற நம் முன்னோரை வாசகர் நினைவுகூரலாம். அவர்களுக்குக் கடல் வாரக்கணக்கிற் கடந்தே ஆகவேண்டிய தூரம். அதனை மறக்க நினைத்தாலும் இயலாது. 1958இல் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடந்து பிரயாணிகளைக் கொண்டு செல்லத் தொடங்கிய பின், கப்பல்கள் பழைய தொழிலைச் சிறிது சிறிதாக இழந்தன, உல்லாசமே தொழிலாயிற்று. 1912இல் மூழ்கிய ‘ரைற்றானிக்’ ஏறத்தாழ 46,000 தொன் அளவினது. 2024இல் சேவைக்கு வந்த மிகப் பெரிய உல்லாசக் கப்பல் இரண்டரை இலட்சம் தொன் வரையிலானது. அதனுள்ளே நீச்சற் குளங்களும் நீர்ச்சறுக்குகளும் பனிச்சறுக்கு அரங்கமும் உண்டு. ஏறியவர் ஏழு நாளும் கடலைப் பாராமலே கழித்து இறங்கலாம். கம்பனியார் விரும்புவதும் ஏறக்குறைய அதுவே. கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காசு செலவிடுவதில்லை அல்லவா?

அனுபவசாலிகளின் முதற் பாடம் கரையிலேயே தொடங்குகிறது. கப்பல் புறப்படும் நாளன்று காலையில் விமானத்தில் வந்திறங்கி, மாலையிற் கப்பலேறலாம் என அவர்கள் எண்ணுவதில்லை. முதல் நாளே வந்து துறைமுக நகரில் தங்குவர். ஓரிரவு அறை வாடகை வீண்செலவு என்று நம்மவர் கருதுவது இயல்பு. ஆனால், விமானம் தாமதித்ததற்காகக் கப்பல் காத்திராது. அடுத்த ஊரிற் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் எப்பொழுதும் நடவாது. சியாற்றிலிற் புறப்பட்டு அங்கேயே மீளும் கப்பலைத் தவறவிட்டவர் கெச்சிக்கானில் ஏற முயன்றால், 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கும். பிறநாட்டுக் கொடி தாங்கிய கப்பல், ஓர் அமெரிக்கத் துறையில் ஏற்றிய பிரயாணியை, இடையிலே தொலைதூரப் பிறநாட்டுத் துறையொன்றைத் தொடாமல், வேறோர் அமெரிக்கத் துறையில் இறக்குதல் ஆகாது. உல்லாசக் கப்பல்களோ பெரும்பாலும் பகாமாஸ், பனாமா, பெர்மியூடா முதலியவற்றின் கொடியின் கீழ் ஓடுவன. சியாற்றிற் கப்பல்கள் பல கனடாவின் விக்ரோறியாத் துறையில் இரவிலே சில மணி நேரம் நின்று வருவதும் இச்சட்டத்தின் பொருட்டே. அந்நகரின் அழகை நமக்குக் காட்டுவதற்காக என்று எண்ணி மகிழ்பவர் மகிழட்டும்.

அறையைத் தேர்வதில் நம்மவர் பெரிதும் ஏமாறுகின்றனர். உயர உயரச் சிறப்பு என்பது நிலத்து மாளிகைக்குரிய நியாயம். நடுவில் ஊன்றிய பலகையின் இரு நுனிகளும் ஏறி இறங்க, நடுப்பகுதி அசைவு குறைந்திருப்பதைச் சிறுவரும் அறிவர். கப்பலும் அத்தகையதே. அலாஸ்கா வழியிற் பெரும்பகுதி தீவுகளின் மறைவிற் செல்வதால் கடல் குளம்போற் கிடக்கும். ஆயின் வன்கூவர்த் தீவின் வட முனையைத் தாண்டியதும் குயீன் சாலற் என்னும் திறந்த கடற்பரப்பு வரும். பசிபிக் சமுத்திரத்தின் அலைகள் தடையின்றி வந்து தாக்கும் இடம் அது. மேற்றளத்தில் முன்முனை அறைக்குக் கூடிய பணம் கொடுத்தவர் அந்த இரவில் உறங்குவது கடினம். பழகியவர், கீழ்த்தளத்தில் நடுவே உள்ள அறையைக் குறைந்த விலைக்கு வாங்கி நன்றாக உறங்குவர். அறைக்கு மேலே நடன மண்டபம் இருக்கிறதா என்பதையும் படத்திற் பார்த்துக்கொள்வர். வயிறு குமட்டினால் வெளியே வந்து அடிவானத்தை நோக்குமாறு கூறுவர். இஞ்சியின் குணத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மூட்டை முடிச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1898இல் ஸ்காக்வே வழியாகக் குளோண்டைக் பொன் வயல்களுக்குச் சென்றோரை, ஓராண்டு உணவும் கருவிகளுமாக ஏறத்தாழ ஒரு தொன் சுமையுடன் வந்தாலன்றிக் கனடியப் பொலிசார் எல்லையைக் கடக்க விடவில்லை. நம்மவரின் பெட்டிகளைக் கண்டால், அக்கட்டளை இன்னும் நீங்கவில்லையோ என ஐயுற வேண்டியிருக்கிறது. ஒன்று மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். துறையில் ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகலாம். ஆகவே, மருந்தும் கடவுச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஆபத்துக்கால ஒத்திகையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி. கப்பலில் உள்ளோர் யாவரும் தத்தமக்குக் குறித்த இடத்திற் கூட வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். புதியவர் இதனை விருந்துக்கு இடையூறாகக் கருதி முணுமுணுப்பர். 2012 ஜனவரி 13ஆம் திகதி இரவு, இத்தாலியின் ஜீலியோத் தீவருகே ‘கொஸ்ரா கொன்கோடியா’ என்ற கப்பல் பாறையில் மோதிச் சரிந்தபொழுது 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு ஒத்திகை நடத்தப்பட்டிருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துள் நடத்தினாற் போதும் என்பதே அன்றைய விதி. புறப்படு முன்னரோ, புறப்பட்டவுடனோ நடத்த வேண்டும் எனச் சர்வதேச விதி பின்னரே திருத்தப்பட்டது. இன்று பல கப்பல்களில் விளக்கத்தைக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்குத் தனியே சென்று பதிந்து வந்தாற் போதும் என்ற ஏற்பாடு உண்டு. வசதியான ஏற்பாடுதான். எனினும், பழகிய பிரயாணிகள் அறையிலிருந்து அவ்விடத்துக்கு மின்தூக்கியின்றிப் படிவழியே ஒருமுறை நடந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். முழங்கால் நோவுள்ள பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இதனைக் கட்டாயம் செய்தல் வேண்டும்.

துறைமுகங்களுக்கு வருவோம். கெச்சிக்கானில் ஒன்று, ஜூனோவில் இரண்டு, ஸ்காக்வேயில் ஒன்று எனச் சுற்றுலாக்களை வீட்டிலிருந்தே பதிவு செய்துகொண்டு வருவோர் உளர். மாலையில் அவர்களைப் பார்த்தால், பரீட்சை மண்டபத்திலிருந்து வெளிவரும் மாணவரின் முகம் தெரியும். ஓர் ஊருக்கு ஒரு காரியம் என்பதே பழகியவர் கணக்கு. கெச்சிக்கானில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12 அடி மழை பொழிகிறது. மழை விடட்டும் என்றிருப்பவர் அவ்வூரைப் பாராமலே திரும்புவர். கோடையின் பிற்பகுதியில், ஊரின் நடுவே பாயும் ஓடையில் சமன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துக் கூட்டங்கூட்டமாக ஏறும். தகரப் பேணியின் மேல் ஒட்டிய படத்தில் மட்டுமே நான் அதுவரை கண்ட மீன் அது. மூன்றாம் தடவை அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். ஒரு சதமும் செலவில்லை. துறையோரத்து நகைக்கடைகளுள் நுழைந்தவர்கள் அம்மீனைக் காணவில்லை. கப்பலிற் சிபாரிசு செய்யப்படும் கடைகள் பல, அந்தச் சிபாரிசுக்குக் கட்டணம் செலுத்துவன என்பதையும் அவர்கள் அறியார்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அலாஸ்கா நேரம் வன்கூவர் நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. கைத்தொலைபேசி கரையின் நேரத்தைக் காட்டும். கப்பலோ தன் நேரத்திற் புறப்படும். இரண்டும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. ஆகவே, முதிர்ந்த பிரயாணிகள் கப்பல் நேரத்துக்குத் திருப்பிய பழைய கைக்கடிகாரத்தையே நம்புவர். கப்பலார் நடத்தும் சுற்றுலா பிந்தினாற் கப்பல் காத்திருக்கும். நாமே வாகனம் பிடித்துச் சென்று பிந்தினால் காத்திராது.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகர். வெளியுலகிலிருந்து அதற்குத் தெருவழி இல்லை. வானால் அல்லது கடலாலேயே செல்லலாம். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அவ்வூரில் ஒரே நாளில் அதன் பாதித்தொகையினர் வந்திறங்கினால் ஊரார் என்செய்வர்? 2024 முதல் ஒரு நாளில் ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வருவதில்லை என நகராட்சியும் கம்பனிகளும் உடன்பட்டன. 2026 முதல் பிரயாணிகளின் தொகைக்கும் நாளொன்றுக்கு 16,000, சனிக்கிழமையில் 12,000 என வரம்பு வைத்தனர். இன்னும் குறைக்க வேண்டும் என வாதிடுவோரும் அங்கே உளர்; அவர்கள் பக்கத்திலேயே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். ஐந்து கப்பல்களும் நிற்கும் நாளில், சிலர் கரையிறங்காமல் வெறுமையான கப்பலிற் புத்தகத்துடன் அமர்ந்துவிடுவர். பணம் கட்டியும் ஊர் பாராத மூடர் என முதலில் எண்ணினேன். இப்பொழுது அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

‘கிளேசியர் பே’ எனப்படும் பனியாற்று விரிகுடாவே இப்பிரயாணத்தின் உயிர். ஒரு நாளில் இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி. கரையில் எவரும் இறங்குவதில்லை. பூங்காவின் காவல் உத்தியோகத்தர் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, வரலாற்றைச் சொல்வர். 1794இல் கப்பித்தான் வன்கூவரின் குழுவினர் அவ்வழியே வந்தபொழுது அங்கே விரிகுடாவே இல்லை எனலாம். பனிச்சுவர் வாயிலை ஏறக்குறைய அடைத்து நின்றது. 1879இல் ஜோன் மியூர் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் வந்தபொழுது, பனி 40 மைலுக்கு மேல் உள்வாங்கியிருந்தது. இன்று பனிச்சுவரைக் காண ஏறத்தாழ 65 மைல் உள்ளே செல்ல வேண்டும். அதற்கும் முன்னே அந்தப் பள்ளத்தாக்கில் ஊர் கட்டி வாழ்ந்த ஹூனா திளிங்கித் மக்களை, முன்னேறி வந்த பனி 18ஆம் நூற்றாண்டில் வெளியே துரத்தியது. 2016இல் விரிகுடாவின் வாயிலருகே அவர்களுக்கென மரபு மன்றம் ஒன்று திறக்கப்பட்டது. ஊரை இழந்து தலைமுறை பல கழித்து மீண்டவர்களின் கதையை நம்மவர் கேட்கும்பொழுது, அது பிறர் கதையாகத் தோன்றுவதில்லை.

புதியவர்கள் காலையுணவை ஆறுதலாக முடித்து, மார்ஜெரி என்னும் பனியாற்றின் முன்னே கப்பல் நிற்கும் வேளையிலே தளத்துக்கு வந்து முண்டியடிப்பர். அறிந்தவர், கப்பல் வாயிலினுள் நுழையும் விடியற்காலையிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்தளத்தில் நிற்பர். திமிங்கிலங்களும் கடல் நீர்நாய்களும் பெரும்பாலும் தென்படுவது அங்கேதான். பனிச்சுவரின் எதிரே கப்பல் மெல்லத் திரும்பி இரு புறத்தாருக்கும் காட்சி தரும். எந்தப் பக்கத்து அறை என்று முன்கூட்டிக் கவலைப்பட வேண்டியதில்லை. வீடளவான பனிப்பாளம் உடைந்து விழுவது முதலிற் கண்ணுக்குத் தெரியும். இடியோசை சற்றுப் பிந்தியே வந்து சேரும். ஓசை கேட்டுப் படக்கருவியைத் தூக்குபவருக்குக் கிடைப்பது நீர்த் திவலை மட்டுமே.

கப்பலிற் பணிபுரிவோரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் தகாது. 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம், 24 மணி நேரத்துள் 10 மணி நேர ஓய்வையேனும் வற்புறுத்துகிறது. 14 மணி நேர வேலையும் அதன்படி முறைகேடன்று. நாட்கூலி போல நம் கணக்கிற் சேர்க்கப்படும் பணிக்கொடையைக் கடைசி நாளில் வரிசையில் நின்று நீக்குவிப்போர் உளர். படித்தவரும் அதிற் சேர்வதைக் கண்டு நாணினேன். சென்ற முறை என் அறையைத் துப்புரவு செய்தவர் மலையகத்து இளைஞர். முதல் நாளே, “ஐயா யாழ்ப்பாணமா?” என்று கேட்டு மகிழ்ந்தார். பனியாற்றைப் பற்றி நான் வினவியபொழுது, “இந்தப் பருவத்தில் பதினோரு தடவை உள்ளே வந்தாச்சு ஐயா, ஐஸை ஒரு தடவைகூடப் பார்க்கல” என்றார். பிரயாணிகள் தளத்துக்குச் செல்லும் நேரமே அறைகளைத் துப்புரவு செய்யும் நேரம்.

பழகிய பிரயாணிகள் சிலர், விரிகுடா நாளன்று ‘இன்று அறைக்குப் பணி வேண்டாம்’ என்னும் அட்டையைக் கதவில் தொங்கவிட்டுச் செல்வர். அறையொன்றுக்கு இருபது நிமிடம் மிஞ்சும். அடுத்தடுத்து மூன்று அறைகளிற் தொங்கினால் ஒரு மணி நேரம். அயலறைகளில் இருந்த ஓர் அவுஸ்திரேலியத் தம்பதியரிடமும் ஒரு கனடிய மூதாட்டியிடமும் விடயத்தைச் சொன்னேன். மறுநாட் காலை மூன்று கதவுகளிலும் அட்டை தொங்கியது.