"போர்டு போச்சு"ன்னு சொன்னதும் பர்ஸை எடுக்காதீங்க

போன வீடியோவுல எமர்ஜென்சி ஃபண்ட் பத்திப் பேசிட்டு இருந்தப்போ, பின்னாடி மேசையில ஒரு பழைய கம்ப்யூட்டர் பிரிச்சுப் போட்டுக் கிடந்ததைப் பார்த்துட்டு நிறைய பேர் "அது என்ன?"ன்னு கேட்டிருந்தீங்க. அதுக்கான பதில்தான் இது. கம்ப்யூட்டர் கதை மாதிரி தெரியும். ஆனா முழுக்க காசு விஷயம்.

அது எங்க அப்பாவோடது. 2004ல அம்மாவோட வளையலை அடகு வச்சு வாங்கின பென்டியம் 4, உள்ளூர்ல அசெம்பிள் பண்ணது. கலெக்டர் ஆபீஸ் இங்க வேங்கிக்கால்லதானே இருக்கு? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு மனு டைப் பண்ணிக் கொடுப்பார் அப்பா. அந்த மெஷின்தான் எங்களுக்கு சோறு போட்டுச்சு. இப்ப மனு வேலை குறைஞ்சு போச்சு. ஆனா தினமும் ராத்திரி உட்கார்ந்து வீட்டுக் கணக்கை எக்செல்ல ஏத்திடுவார். பால், அரிசி, சிலிண்டர், எல்ஐசி பிரீமியம், எல்லாமே 2004லேருந்து இருக்கு. அதுக்கு வேற காப்பி கிடையாது. ஊருக்கெல்லாம் "நாமினி போட்டீங்களா, போட்டீங்களா"ன்னு கேக்கறவன் நான். சொந்த வீட்டுக் கணக்குக்கு ஒரு பென்டிரைவ் காப்பி எடுக்கல. தாராளமா திட்டுங்க.

ஒரு நாள் காலையில பட்டனை அழுத்தினா ஃபேன் ரெண்டு செகண்ட் சுத்துது, நிக்குது. தானாவே மறுபடி சுத்துது, நிக்குது. அப்பா பாவம், அரை மணி நேரம் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சிருக்கார். டவுன்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். மூடியைக் கூட கழட்டல. "போர்டு போச்சு சார். இதுக்கெல்லாம் இப்ப போர்டு வராது. புதுசு 28,000 ஆகும், ஈஎம்ஐ போட்டுக்கலாம்." அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

நான் அந்தக் கடைக்காரரை குறை சொல்ல மாட்டேன். தப்பு நம்ம பக்கமும் இருக்கு. டாக்டர் பார்த்துட்டு "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கறோம். அதே கடைக்காரர் அரை மணி நேரம் பிரிச்சுப் பார்த்துட்டு "சின்ன விஷயம்தான்"ன்னு சொன்னா 300 ரூபாய் கொடுப்போமா? "சும்மா பார்த்ததுக்கு காசா?"ன்னு சண்டைக்குப் போவோம். பார்க்கறதுக்கு கூலி இல்லேன்னா, வித்தாத்தான் அவருக்கு வருமானம். அப்புறம் அவர் வாயிலேருந்து "புதுசு வாங்குங்க"தான் வரும். 300 கொடுக்க மனசில்லாம 28,000 கடனுக்கு கையெழுத்து போடறோம். அதனால கடைக்குப் போனதும் முதல் கேள்வியா "பிரிச்சுப் பார்த்து சொல்றதுக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க.

சரி, மெஷின் ஏன் இப்படி அணைஞ்சு அணைஞ்சு எரியுது? சுவர்லேருந்து வர்ற 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டா மாத்திக் கொடுக்குது. எல்லாம் நிலையா வந்த பிறகு "பவர் குட்"னு போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல இருக்கணும். கரண்ட் தடுமாறினா சிக்னல் போயிடும், போர்டு நின்னுடும். அதாவது பெரும்பாலும் அது சாகல, தன்னைக் காப்பாத்திக்குது.

எப்ப அணையுதுங்கறதை கவனிச்சாலே பாதி தெரிஞ்சுடும். ரெண்டு செகண்ட்ல அணைஞ்சா எஸ்எம்பிஎஸ், போர்டு மேல இருக்கற கெப்பாசிட்டர், இல்ல எங்கேயோ ஷார்ட். பத்து நிமிஷம் ஓடிட்டு அணைஞ்சா சூடு. புராசஸர் ஃபேன்ல தூசி, காய்ஞ்ச பேஸ்ட். பத்து தடவை முயற்சி பண்ணதும் ஓட ஆரம்பிச்சா கெப்பாசிட்டர் காய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் முன்னாடி இருக்கற பட்டனே உள்ள சிக்கிக்கிட்டு இருக்கும். நாலு செகண்ட் அழுத்தினபடியே இருந்தா மெஷின் அணையத்தான் செய்யும்! சிடி டிரைவ், கூடுதல் கார்டு எல்லாம் கழட்டிட்டுப் பார்க்கறது, வேற பிளக்ல போட்டுப் பார்க்கறது, தெரிஞ்சவங்ககிட்ட எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாத்திப் பார்க்கறது, எதுக்கும் பைசா செலவில்ல. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களா திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கும்.

எங்க விஷயத்துல முதல் வேலையா ஹார்டு டிஸ்க்கை கழட்டிட்டேன். கரண்ட் வந்து வந்து போனா அதுக்குத்தான் ஆபத்து. பழைய ஐடிஇ டிஸ்க், அதனால யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒண்ணு ஆன்லைன்ல 600 ரூபாய்க்கு வாங்கி, என் லேப்டாப்ல கணக்கு முழுசையும் காப்பி எடுத்தேன். அப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

பக்கத்துத் தெருவுல டிவி ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார். மூடியைத் திறந்ததும் சிரிச்சுட்டார். "தம்பி, இங்க பாரு." புராசஸர் ஓரமா அஞ்சு கெப்பாசிட்டர், தலை பணியாரம் மாதிரி உப்பியிருக்கு, ஒண்ணுல பழுப்பா கசிவு வேற. 2000களோட முதல் பாதியில வந்த போர்டுகள்ல இது பிரபலமான வியாதி. கெப்பாசிட்டருக்குள்ள ஊத்தின திரவம் சரியில்லாம உலகம் முழுக்க மெஷின்கள் படுத்துச்சு. டெல் கம்பெனி ஆப்டிபிளெக்ஸ் மாடல்களை சரி பண்றதுக்காக 2005ல 30 கோடி டாலர் செலவுக் கணக்கு காட்ட வேண்டியதாச்சு. அதுக்கு காரணம் சில்லறைக் காசு பெறாத ஒரு பாகம்.

105 டிகிரி தாங்கற, லோ ஈஎஸ்ஆர் வகை, அதே வோல்ட் அதே அளவு. சாதா கெப்பாசிட்டர் போட்டா மறுபடி உப்பும். ரிச்சி ஸ்ட்ரீட் போக பஸ் டிக்கெட்டே பாகத்தை விட அதிகம், அதனால அண்ணனே தருவிச்சார். பாகம் 100, கூலி 400. பார்த்ததுக்குன்னு தனியா 100 கொடுத்தேன். "எதுக்குப்பா இது?"ன்னு கூச்சப்பட்டார், கையில திணிச்சுட்டு வந்தேன்.

எல்லா பழசையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொல்லல. ரிப்பேர் செலவு அதே மாதிரி செகண்ட் ஹேண்ட் மெஷின் விலையில பாதியைத் தாண்டினா நான் விட்டுடுவேன். பழைய கம்ப்யூட்டர் லட்சத்துக்கு விக்கும்னு சொல்ற வீடியோவையும் நம்பாதீங்க, நம்ம பென்டியம் 4க்கு எடைக்கடைதான். முக்கியமா, எக்ஸ்பிக்கு அப்டேட் 2014 ஏப்ரலோட நின்னு போச்சு. அதுல நெட் பேங்கிங் பண்றது வாசலைத் திறந்து போட்டுட்டு தூங்கற மாதிரி. அப்பா மெஷின்ல இன்டர்நெட் வயரையே பிடுங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பென்டிரைவ்ல ஒரு காப்பி.

அன்னிக்கு ராத்திரியே அப்பா கணக்குல ஏத்திட்டார்: கெப்பாசிட்டர் 100, கூலி 400, பார்த்த கூலி 100. கன்வெர்ட்டர் 600ஐ மட்டும் என் பேர்ல எழுதி வச்சிருக்கார்.