நேற்று ஏன் வரலை?

2021 ஆகஸ்ட் 7. சனிக்கிழமை விடியற்காலை. கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட அன்றைக்கு டி.வி. ஓடியது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தார். 'அடடா... போச்சே!' என்று காபி டம்ளரும் கையுமாக உச்சுக்கொட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா! 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் பை தூக்கியது அப்பா. இத்தனைக்கும் அந்த இரண்டு பேருமே கோல்ஃப் பரம்பரையில் வந்தவர்கள் இல்லை. சின்ன வயசில் பெண் ஆசைப்பட்டாள் என்பதற்காக மைதானத்துக்குள் காலெடுத்து வைத்தவர்கள்.

அடுத்த சில நாட்களில் எங்கள் கிளப் போனும் அடித்தது. "சார், நாங்களும் சேரலாமா? ஃபீஸ் எவ்வளவு?"

எங்களுடையது மலையூர் ஒன்றில் இருக்கும் சின்ன கிளப். பதினெட்டுக் குழி எல்லாம் கிடையாது, ஒன்பதுதான். கமிட்டியில் நானும் ஒருத்தன். போன் வந்ததும் எங்களுக்கு வாயெல்லாம் பல். நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தோம். பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினோம். ஆளும் சேர்ந்தது.

ஒரு வருஷம் கழித்து ரெஜிஸ்தரைப் புரட்டினால் புதுசாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஆளைக் காணோம்! அவசரமாகக் கமிட்டி கூடியது. என்ன முடிவு எடுத்தோம்? "இன்னொரு ஆஃபர் போடலாம்." முதலில் கை தூக்கியவர்களில் அடியேனும் உண்டு. ஓட்டைக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, தண்ணீர் போதவில்லை என்று குழாயைத் திட்டுகிற புத்திசாலிகள் நாங்கள்!

என் புத்திக்கு உறைத்தது ஒரு கல்யாண வீட்டில்.

கட்டைவிரல் போன கதை

அவர் ரிடையரான பேங்க் ஆபீஸர். சர்க்கரை உண்டு. 'ரோட்டில் நடந்தா நாய் துரத்துது, புல்லில் நடங்களேன்' என்று மனைவி சொல்ல, டாக்டரும் தலையாட்ட, எங்களிடம் சேர்ந்தார். மூன்று மாதம் தவறாமல் வந்தார். அப்புறம் வரவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மண்டபத்தில் பார்த்தால், கையில் ஊன்றுகோல். காலில் வந்த புண் ஆறாமல், கட்டைவிரலை எடுத்துவிட்டார்களாம். அது தெரியாமல், "என்ன சார், கிளப் பக்கமே காணோம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் கோபப்படவில்லை. இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் வந்தப்பவே யாரும் கவனிக்கலை. வராதப்ப எப்படி சார் தெரியும்?"

பாயசம் தொண்டையில் இறங்கவில்லை எனக்கு.

தொடர்ந்து நடந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது டாக்டர்கள் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் வாரம் இரண்டு நாள், "என்ன சார், ஏன் தாங்கித் தாங்கி நடக்கறீங்க?" என்று கேட்க நாலு பேர் இருந்திருந்தால், அந்தப் புண் இன்னும் சீக்கிரம் ஒரு டாக்டரின் கண்ணில் பட்டிருக்கலாம் இல்லையா?

அவர் ஏன் நின்றார் என்று கேட்டேன். பெரிய சண்டை எதுவும் இல்லை, எல்லாம் சில்லறை விஷயம். காலை ஆறு மணிக்கு வந்தால் எல்லோரும் நாலு நாலு பேராக ஏற்கெனவே செட் சேர்ந்திருப்பார்கள். இவர் தனியாக ஆடுவார். ஒருநாள் காலர் இல்லாத டீ-ஷர்ட்டில் வந்ததற்கு எல்லோர் எதிரிலும் ஒருத்தர் சொல்லிக் காட்டியிருக்கிறார். ஒரே ஒரு தடவை மனைவியைக் கூட்டி வந்தாராம். லேடீஸ் பாத்ரூம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் அப்புறம் வருவாரா?

அவர் நின்றதும் அவரைப் பற்றி விசாரித்தது ஒரே ஒருத்தர்தான். பை தூக்கும் கேடி. (கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டு ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் காட்டி, கூடவே நடப்பவருக்கு கோல்ஃபில் அதுதான் பெயர்.) "அந்த பேங்க் ஐயா வர்றதில்லையே, உடம்புக்கு ஏதாச்சும்...?" என்று என்னிடமே கேட்டார். "ஊருக்குப் போயிருப்பார்ப்பா" என்று சொல்லிவிட்டு நான் பந்தை அடிக்கப் போய்விட்டேன்.

ஆளைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. நிற்க வைப்பது தினசரி வேலை. சின்ன கிளப்புகள் பணமில்லாமல் நொடிக்கின்றன என்று சொல்கிறார்கள். பணம் போவதற்கு முன்னால் மனிதர்கள் போகிறார்கள். அதை நாம் கணக்குப் புஸ்தகத்தில் பார்ப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது.

ஆரோக்கியப் பத்திரிகையில் இது எதற்கு?

'பணக்காரங்க விளையாட்டைப் பத்தி எங்ககிட்ட ஏன் சார் பேசறீங்க?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பெரிய நகரத்து கிளப்புகள் நம் பட்ஜெட்டுக்குச் சரிப்பட்டு வராதுதான். ஆனால் கோல்ஃப் நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. கல்கத்தாவில் 1829-லேயே கிளப் வந்துவிட்டது. நம் கொடைக்கானலில் 1895-ல். இப்படி ஊர்களில் இருக்கும் சின்ன மைதானங்கள் பிழைக்க வேண்டுமானால், வெறும் அந்தஸ்தை நம்பிப் பிரயோஜனமில்லை. பேங்க்காரரும் டீச்சரும் மெடிக்கல் ஷாப்காரரும் குடும்பத்தோடு வந்தால்தான் உண்டு.

வந்தால் நமக்கு என்ன லாபம்? ஸ்வீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. அதே வயது, அதே வசதி உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஆடுகிறவர்களின் இறப்பு விகிதம் 40 சதவிகிதம் குறைவாக இருந்தது. உடனே மட்டை வாங்க ஓடாதீர்கள்! ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் ஆடவே வருகிறார்கள் என்றும் இதற்கு அர்த்தம் சொல்லலாம். ஆனால் ஒன்று நிச்சயம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது குழியை நடந்தே ஆடி முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நின்று நின்று நடக்கிற நடைதான் என்றாலும், வாரம் இரண்டு நாள் ஆடினால் நல்ல நடை கணக்கில் சேரும். (பேட்டரி வண்டியில் உட்கார்ந்துகொண்டு போனால் நான் பொறுப்பில்லை.)

நடையோடு போகவில்லை விஷயம். பேச்சுத் துணையும் அங்கே கிடைக்கிறது. தனிமையை ஓர் ஆரோக்கியப் பிரச்னையாகவே எடுத்துக்கொண்டு, அதற்கென்று 2023-ல் ஒரு கமிஷனே அமைத்தது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுப் பெரியவர்களைப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில், டி.வி. சீரியல் நடுவீட்டில். அவர்களுக்கு வாரம் இரண்டு நாள் 'வாங்க சார்' என்று சொல்ல ஓர் இடம் இருப்பது லேசான விஷயமா?

ஆனால் இந்த லாபமெல்லாம் தொடர்ந்து வருகிறவருக்குத்தான். சந்தா கட்டிவிட்டு வீட்டில் இருப்பவருக்கு ரசீது மட்டும்தான் மிச்சம்.

கமிட்டிக்காரர்களே, கொஞ்சம் கேளுங்கள்

ஒன்று: புதுசாகச் சேர்ந்தவரை முதல் மூன்று மாதம் ஒரு பழைய மெம்பரோடு ஜோடி சேர்த்து விடுங்கள். நாலு பேர் செட்டில் ஓர் இடம் வாரம் ஒரு நாளாவது அவருக்கு. திறமை வித்தியாசம் ஒரு சாக்கே இல்லை. ஹேண்டிகேப் என்று ஒரு முறை கோல்ஃபில் இருக்கிறதே, எதற்கு? தாத்தாவும் பேரனும் சமமாக மோதலாம் என்பதற்குத்தான்!

இரண்டு: ஒன்பது குழி ஆட்டத்தை மட்டமாக நினைக்காதீர்கள். 2024-லிருந்து ஒன்பது குழி ஸ்கோரும் உடனுக்குடன் உலக ஹேண்டிகேப் கணக்கில் சேருகிறது. காலையில் ஆடிவிட்டு ஆபீசுக்கும் போய்விடலாம்.

மூன்று: ஒருவர் 14 மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. அத்தனையும் வாங்கணும் என்று விதி சொல்லவில்லை. ஆரம்பத்துக்கு ஆறேழு போதும். பழைய மெம்பர்கள் வீட்டுப் பரணில் தூங்குகிற மட்டைகளை வாங்கி, புதியவர்களுக்கு இரவல் கொடுங்கள். சந்தாவையும் மாதத் தவணையில் வாங்குங்கள்.

நாலு: பாத்ரூம் சாவி! சிரிக்காதீர்கள். பெண்களுக்கு சுத்தமான பாத்ரூமும் உட்கார நிழலும் இல்லாத இடத்துக்குக் குடும்பம் வராது. குடும்பம் வராத இடத்துக்கு ஆம்பிளை எத்தனை ஞாயிற்றுக்கிழமை வருவார்? பெண்களை மெம்பராக்குவதற்கே 2014-ல் ஓட்டெடுப்பு நடத்த வேண்டியிருந்தது ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்பில். அத்தனை லேட்டாக நாமும் முழித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து: இதுதான் முக்கியம். ஒரு வருகை நோட்டு. இரண்டு வாரம் ஒருவர் வரவில்லையென்றால் கமிட்டியில் ஒருத்தர் போன் பண்ண வேண்டும். சந்தா பாக்கியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "சௌக்கியமா? நேத்து ஏன் வரலை?" அவ்வளவுதான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

எங்கள் கிளப்பில் அந்த நோட்டு இப்போது கேடிகளிடம் இருக்கிறது. யார் வந்தார், யார் நொண்டினார், யாருக்கு மூச்சு வாங்கியது என்பது கமிட்டியைவிட அவர்களுக்குத்தான் அத்துப்படி. அந்த வேலைக்கென்று தனியாக ஒரு தொகையும் கொடுக்கிறோம். சும்மா வாங்கிக்கொள்ள நமக்கென்ன உரிமை?

பேங்க்காரர் என்ன ஆனார்? டாக்டரைக் கேட்டு, சர்க்கரைக்காரர்களுக்கான செருப்பு மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். மைதானம் முழுக்க நடப்பதில்லை. கிளப் வாசலில் இருக்கும் சின்னப் புல்தரையில் பந்தை உருட்டிப் பழகுகிறார். மனைவியும் ஒரு மட்டை எடுத்துவிட்டார். அநேகமாக அவர்தான் ஜெயிக்கிறார்! வீட்டுக்குப் போனதும் இரண்டு பாதத்தையும் அடிவரை பார்த்துவிடுவது அந்த அம்மாளின் கண்டிப்பு. சர்க்கரை உள்ள எல்லோருமே தினமும் செய்ய வேண்டியது அது.

நீங்கள் கோல்ஃப் கிளப் பக்கமே போகாதவராக இருக்கலாம். இருந்தாலும் நீங்கள் போகிற வாக்கிங் கோஷ்டியிலோ ஷட்டில் கோர்ட்டிலோ, கொஞ்ச நாளாகக் கண்ணில் படாத ஒருத்தர் இருப்பார். படிக்கும்போதே ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமே?

பத்திரிகையை அப்படியே மடித்து வையுங்கள். முதலில் போனை எடுங்கள்.